நோன்பும் கண் சொட்டு மருந்தும்



உம்மாவுக்கு குளுக்கோமா. கண்ணில் குழாய் வைத்து ஒன்றரை மாதம். "ஒப்பரேஷன்தான் முடிஞ்சிட்டே, நோன்பு முடியும்வரை சொட்டு மருந்து வேணாம்" என்கிறார். இப்படி நினைக்கிறவர்கள் நம்மில் பலர்.

குழாய், கண்ணுக்குள் தேங்கும் நீரை வெளிப்பக்கம் தைத்திருக்கும் சின்னத் தகட்டுக்குக் கொண்டு போகிறது. அந்தத் தகட்டைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டும். அது தடித்தால், முதல் சில மாதங்களில் அழுத்தம் மறுபடி ஏறும். பெரும்பாலும் வலிக்காது, அளந்தால்தான் தெரியும். வழமையான அளவு 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். ஏறிய அழுத்தம் நரம்பைக் கெடுத்தால், போன பார்வை திரும்பாது.

ஷாபிஈ மத்ஹபின்படி கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும்.

டொக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீங்க. ஹட்டனிலிருந்து கொழும்பு தூரமென்று நோன்பு மாதத்துக் கிளினிக்கையும் தள்ளிப் போடாதீங்க.