வாப்பாவின் ஒலிநாடா

வாப்பா மவுத்தாகிச் சில வாரங்கள் கழித்து, சீவலப்பேரி வீட்டின் பரணை ஒழிக்க ஏறினோம். தகரப் பெட்டி ஒன்றில், பழைய கைலித் துண்டில் சுற்றியபடி ஓர் ஒலிநாடா கிடைத்தது. அட்டையில் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அதை அங்கே ஏற்றிவைக்கச் செய்தவர்கள் நாங்கள்தாம்.

1990களின் நடுப்பகுதி அது. சகோதரர்கள் மூவரும் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தோம். மார்க்கத்தைக் குர்ஆனிலிருந்தும் ஹதீஸிலிருந்தும் நேரடியாகக் கற்க வேண்டும் என்ற வேட்கை எங்களைப் பற்றியிருந்தது. நல்ல வேட்கைதான், இன்றும் அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் கற்ற மறுவாரமே வீட்டாருக்குத் தீர்ப்பு வழங்கத் தொடங்கிவிட்டோம். இசைக்கருவிகளைக் கண்டிக்கும் புகாரியின் ஹதீஸை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் வாதாடவில்லை. "நீங்க படிச்ச பிள்ளைக, உங்களுக்குத் தெரியும்லா" என்றார். மறுநாள் முதல் எங்கள் பலசரக்குக் கடையில் வானொலிச் செய்தி மட்டுமே ஒலித்தது.

அதுவரை அந்த நாடா எங்கள் வீட்டில் ஓர் ஆளைப் போல வாழ்ந்தது. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு அதுதான் எழுப்பும். மேலப்பாளையத்தில் மாமி வீட்டுத் திண்ணைக்கும் அது இரவல் போகும். பீடி சுற்றும் பெண்களின் கத்தரி பாட்டின் தாளத்துக்கு இலை வெட்டும்.

இப்போது அதைக் கேட்பதற்கு ஒரு டேப் ரெக்கார்டரைத் தேடிப்பிடிக்கவே நான்கு நாட்கள் ஆயின. பென்சிலைச் சொருகி நாடாவை இறுக்கினோம். முதலில் இரைச்சல், பிறகு அந்தக் குரல். உச்சத்திலேயே தொடங்கி அங்கேயே நிற்கும் குரல். சிறுவயதில் நாங்கள் கவனிக்காத ஒன்று இப்போது தெரிந்தது: சில மெட்டுகள் பழைய இந்திப் படங்களினுடையவை. ஊரார் முணுமுணுக்கும் மெட்டை எடுத்து, அதில் இறைவன் புகழையும் நபிகளாரின் வாழ்வையும் ஏற்றிவிடும் துணிவு அவருக்கு இருந்திருக்கிறது. புலவர் ஆபிதீன் போன்றோர் எழுதிக் கொடுத்த தமிழில் ஒரு சொல்கூடச் சிதையாது. தி.மு.க. மேடைகளில் முழங்கியதும், 1961இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து பாடியதும், 1992இல் இளையராஜாவின் இசையில் 'செம்பருத்தி'க்குப் பாடியதும் இதே குரல்தான். 2015 ஏப்ரல் 8 அன்று அவர் மறைந்தபோது நாங்கள் இன்னாலில்லாஹி சொன்னோம். பரணை நினைக்கவில்லை.

எங்கள் உம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஃபாத்திமா (ரலி) அவர்களின் எளிய வாழ்க்கை அவருக்கு எந்தப் பயானிலிருந்தும் முதலில் தெரியவரவில்லை, பாட்டிலிருந்தே தெரிந்தது. எங்களுக்கு அவர் சொல்லித் தந்ததும் அதைத்தான். அந்த ஊற்றை அடைத்த கையோடு, பெண்களுக்கு மார்க்க அறிவு இல்லை என்று நாங்களே குறைப்பட்டுக்கொண்டோம்.

எல்லாவற்றையும் இன்று ஏற்றுக்கொண்டோம் என்பதல்ல. இரண்டாம் பக்கத்தில் ஓர் இறைநேசரை நோக்கிக் கையேந்தும் பாடல் உண்டு. அது எங்களுக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் இசை குறித்து அறிஞர்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு என்பதையே அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் இசை கேட்டலைப் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். அறியாமல் பேசினோம், பேசிய இடம் வாப்பாவின் முன்னால்.

முதல் பக்கம் முடிந்ததும் உம்மா சொன்னார்: "ஒங்க வாப்பா இதைப் பாடாம இருந்ததில்ல. சித்தாறு வந்து சேருற எடத்துல குளிக்கப் போவாஹல்லா, அங்கன பாடுவாஹ. நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு வீட்டுல பாட மாட்டாஹ."

யாரும் பேசவில்லை. உம்மாவே மறுபக்கத்தைப் போடச் சொன்னார். போட்டோம். மூன்றாவதாக அந்தப் பாடல் தொடங்கியதும் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இத மட்டும் ஓட்டி விடுங்க" என்றார்.