குழிக்கு அருகில்

குழிப்பந்தாட்டம் செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பீங்கான் சூளைகளுக்கிடையே வளர்ந்த விருத்தாசலத்துக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன உறவு? அந்த ஆட்டத்தை எங்கள் இல்லத்திற்குக் கொணர்ந்தவன் என் இளவல். மேல்நிலைப் படிப்போடு நிறுத்திக்கொண்டு துபாய் சென்றவன். அங்கே கோல்ஃப் திடல் ஒன்றில் புல் பராமரிக்கும் பணியில் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தவன். என் ஆய்வியல் நிறைஞர் படிப்புக்குக் கட்டணமானது அவன் அனுப்பிய பணமே. ஆயினும் அவன் பணியைப் பற்றி ஒரு நாளேனும் நான் கேட்டதில்லை. பிறர் வினவினால், "தோட்ட வேலை" என்று கூறிக் கடந்துவிடுவேன்.

சென்ற கோடையில் நிலையாக ஊர் திரும்பினான். பெட்டியில் பழைய 'சாண்ட் வெட்ஜ்' மட்டை ஒன்றும் சில பந்துகளும் இருந்தன. வைகறைத் தொழுகைக்குப் பின் வறண்டு கிடந்த மணிமுத்தாற்றுக்கு என்னை அழைத்துச் சென்றான். கரையோரப் புல்தரையில் கொட்டாங்கச்சி ஒன்றைப் புதைத்து, அதுவே குழி என்றான். மெய்யான குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். கொட்டாங்கச்சியும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

"தூரமா அடிக்கறது பெரிசில்லேண்ணே. கடைசி முப்பது கெஜத்துலேதான் எல்லாருக்கும் அடி எண்ணிக்கை கூடும்" என்றான்.

பந்து வலக்காலுக்கு நேரே. உடலின் பளு இடக்காலில். கைகள் பந்துக்குச் சற்று முன்னே. குழியை நோக்காமல், பந்து முதலில் விழவேண்டிய இடத்தைத் தேர்ந்து அங்கே ஒரு கூழாங்கல்லை வைத்தான். அங்கே விழுந்தால் எஞ்சிய தூரத்தைப் பந்து உருண்டே கடந்துவிடும். நானோ மட்டையை வெகுதூரம் பின்னே ஓங்கி, பந்தை நெருங்கும்போது அஞ்சி வேகத்தைக் குறைத்தேன். பந்து ஒரு சாண் நகர்ந்தது. "பின்னே கொஞ்சமா எடுங்க, முன்னே தயங்காம போங்க" என்றான். வகுப்பறையில் நான் கேட்டறியாத தொனி அது. கண்டிப்பும் இருந்தது, பொறுமையும் இருந்தது.

மணலில் ஆடுவது வேறு கலை. அங்கே பந்தை அடிக்கவே கூடாதாம். மட்டையின் முகத்தை விரித்துப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னே மணலில் இறக்கினால், மணலே பந்தைச் சுமந்து எறியும். அமெரிக்கரான ஜீன் சாரசன் மட்டையின் அடியில் ஈயம் பற்றவைத்துக் கனமாக்கி இதனை எளிதாக்கினார். 1932இல் பிரிட்டிஷ் ஓபனை அம்மட்டையோடுதான் வென்றார். செவே பயெஸ்தரோஸ் என்ற ஸ்பானியர் சிறுவயதில் ஒற்றை மட்டையோடு கடற்கரை மணலில் பழகியவர். நம் நாட்டிலோ, 1829இல் தோன்றிய கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல் பராமரிப்பாளர் ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, நெடுந்தொலைவு அடிக்க வல்லவர் அல்லர். குழியருகே கைவண்ணம் காட்டியே 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். புல் வெட்டுபவனின் மகன் என்ற இடத்தில் இளவலின் குரல் சற்றே உயர்ந்ததைக் கவனித்தேன்.

எங்கள் அத்தா பொம்மைத் தொழிற்கூடத்தில் அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் விளிம்புத் தழும்பை நீக்குபவராக இருந்தார். இறுகப் பிடித்தால் பொம்மை நசுங்கும், தளர்ந்தால் நழுவும். இளவல் மட்டையைப் பற்றியிருந்த விதத்தில் அந்தக் கையைக் கண்டேன். எனக்கு அது வாய்க்கவில்லை.

"அங்கே நீ ஆடியதுண்டா?" என்று கேட்டேன். பன்னிரண்டு ஆண்டுகள் தாமதித்த வினா.

"திடலை மூடின பிறகு, மேற்பார்வையாளர் கண்டுக்காத நாள்லே. மணற்குழியிலே மட்டும்தாண்ணே. புல் கெட்டுடக் கூடாதில்லே? ஆடி முடிச்சதும் மணலை வாரிச் சமப்படுத்திடுவேன்."

சொல்லிக்கொண்டே தன் காலடித் தடங்களை மட்டையால் நிரவலானான். ஆற்றுமணல்தான், அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.