புள்ளி ஒன்று

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, படம் வாடகைக்குக் குடுத்த கடையை மூடினப்போ, கடைக்கார அண்ணன் ரெண்டு பெட்டி நிறைய டிவிடியை எங்ககிட்ட தள்ளிவிட்டார். "வச்சிருந்தா பூஞ்சணம்தான் புடிக்கும், கொண்டு போங்கடா." எங்க மலைக் குளிருக்கு அது பொய்யில்ல. பாதி டிஸ்க் ஏற்கெனவே வாசிக்கவில்லை. மிச்சத்தின் சத்தத்தையாவது எடுத்து வைப்போம் என்று தொடங்கினோம்.

வேலை லேசுதான். டிஸ்க்குக்குள் இருக்கும் விஓபி ஃபைல்களில் படமும் ஒலியும் ஒன்றாகக் கிடக்கும். ஒலியை மட்டும், திரும்பச் சுருக்காமல், அப்படியே உருவ வேண்டும். பிறகு ஒடாசிட்டியில் திறந்தால் ஆறு கோடுகள்: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. அந்தக் கடைசிக் கோடுதான் 5.1இல் வரும் 'புள்ளி ஒன்று'. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல் மட்டும் அதில்.

அட்டையை நம்பவே கூடாது. 5.1 என்று போட்ட சிலதில் 192 கிலோபிட் ஸ்டீரியோதான் இருந்தது. இன்னொன்றில் 448 கிலோபிட், ஆறு கோடும் சரி. ஆனால் பின் இரண்டும் முன் இரண்டின் கொப்பி, கொஞ்சம் குறைத்து வைத்தது. பாட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால நின்னு பாடுறார்! அதுக்கு நாங்க முட்டை போட்டோம்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வேறு மாதிரி. 2002இல் வந்த படம். எச். ஸ்ரீதரும் லக்ஷ்மிநாராயணனும் அதன் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கினவர்கள். முன் மூன்றையும் மூடிவிட்டு மற்றதை மட்டும் கேட்டோம். வெடிக்கும் இடத்தில் சத்தம் நின்ற பிறகும் உறுமல் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. "மச்சான், இதுதான்டா மிக்ஸ்" என்று மூன்று தரம் போட்டோம். ராத்திரி பதினொரு மணி.

எங்க காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பின் ஸ்பீக்கர் மாட்ட இருந்த ஒரே சுவர் பக்கத்துக் காம்பராவுக்கும் சுவர். கிறீச்சென்ற சத்தத்தைச் சுவர் ஓரளவு தடுக்கும், அடித்தொனியைத் தடுக்காது. இது எங்களுக்குத் தெரிந்த விசயம்தான். படிச்சதுதான்.

காலையில் பெரியம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். "ராவு எங்கயோ ஷெல் விழுந்திச்சேடா தம்பி, நீங்க கேக்கலையா?" சிரிக்காமல் கேட்டார். 77 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். விடியும்வரை கட்டிலுக்குக் கீழே இருந்தாராம்.

"படம் பெரியம்மா" என்றோம். "படமா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தார்.

எங்கள் கொப்பியில் அந்த டிஸ்க்குக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தோம். அதை மாற்றவில்லை. மாற்ற என்ன இருக்கு, ஒலி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கு. சப்வூஃபரை மட்டும் எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, அடியில் பழைய சாக்கு மடித்து வைத்தோம். அது போதாது. மிச்ச டிஸ்க்குகளை வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் கோயிலுக்குப் போன பிறகுதான் போடுகிறோம். இன்னும் நாற்பது சொச்சம் கிடக்கு.