ஆர்தர் லோ - ஒரு பேங்க் மேனேஜரின் கதை

பி.காம். படிப்பவனுக்கு சினிமாவிலும் சீரியலிலும் பெரிய மரியாதை கிடையாது. டாக்டர் ஹீரோ உண்டு, வக்கீல் ஹீரோ உண்டு, போலீஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேங்க் மேனேஜர் என்று ஒருவர் வந்தால் ஒன்று லோன் தர மாட்டேன் என்பார், இல்லை கொள்ளைக்காரர்கள் வரும்போது இரண்டு கையையும் தூக்குவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. அதனால்தான் ஒரு பேங்க் மேனேஜரை நடுவில் நிறுத்தி 1968 முதல் 1977 வரை 80 எபிசோட் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஆர்வம் வந்தது. பிபிசியில் வந்த 'டாட்ஸ் ஆர்மி'. மேனேஜராக நடித்தவர் ஆர்தர் லோ. குள்ளம், தொப்பை, வழுக்கை, வட்டக் கண்ணாடி, சின்ன மீசை. இன்றைக்கு இவரைப் பற்றித்தான்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1940 மே 14-ம் தேதி ஆண்டனி ஈடன் ரேடியோவில் பேசினார். ஹிட்லரின் படை எந்த நேரமும் பிரிட்டனில் வந்து இறங்கலாம், ராணுவத்தில் இல்லாத 17 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் ஊர்க்காவலுக்கு வாருங்கள் என்று அழைத்தார். அப்படி உருவானதுதான் ஹோம் கார்டு. துப்பாக்கி கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது. தாத்தாக்களும் பள்ளி முடித்த பையன்களும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சீரியலை எழுதிய இருவரில் ஒருவரான ஜிம்மி பெர்ரியே சின்ன வயதில் ஹோம் கார்டில் இருந்தவர். இன்னொருவர் டேவிட் கிராஃப்ட்.

வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனைக் கடற்கரை ஊர். அங்கே ஸ்வாலோ பேங்க். மேனேஜர் மேனரிங் (ஆங்கிலத்தில் எழுதுவது 'மெயின்வேரிங்' மாதிரி இருக்கும், சொல்வது மேனரிங். வெள்ளைக்காரன் ஸ்பெல்லிங்கைக் கேள்வி கேட்காதீர்கள்). படை திரட்டும் முதல் நாளே அவர் தன்னைத் தானே கேப்டன் ஆக்கிக்கொள்கிறார். பேங்கின் சீஃப் கிளார்க் வில்சன் சார்ஜென்ட். ஜூனியர் கிளார்க் பைக் சாதாரண சிப்பாய். அதாவது பேங்க் ஆர்கனைசேஷன் சார்ட்டை அப்படியே தூக்கி ராணுவத்தில் ஒட்டியாயிற்று! ஃபயோல் சொன்ன 'ஸ்கேலார் செயின்' எனக்குப் புரிந்தது கிளாஸில் இல்லை, இங்கேதான் :-)

சரி, நடிகருக்கு வருவோம். ஆர்தர் லோ 1915 செப்டம்பர் 22 அன்று டெர்பிஷைரில் ஹேஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளுக்கு ஸ்பெஷல் ரயில் ஏற்பாடு செய்வதும் அந்த வேலையில் ஒரு பகுதி. பையனுக்கோ கப்பலில் போக ஆசை. கண் பார்வை சரியில்லை என்று வணிகக் கப்பல் வேலை கிடைக்கவில்லை. போர் வந்தது, ராணுவத்தில் சேர்ந்தார், மத்தியக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அங்கே படைவீரர்களுக்காக நாடகம் போட ஆரம்பித்ததில்தான் நடிப்பு தொற்றிக்கொண்டது. 1945-ல் மான்செஸ்டரில் ரெபர்ட்டரி நாடகக் குழுவில் சேரும்போது வயது கிட்டத்தட்ட முப்பது. ரெபர்ட்டரி என்றால் ஒரு நாடகம் மேடையில் ஓடும்போதே அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை நடக்கும். மனப்பாடம், மேடை, மறுபடி மனப்பாடம். அங்கேதான் ஜோன் கூப்பர் என்ற நடிகையைச் சந்தித்தார். 1948-ல் கல்யாணம்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவர் நடித்த படங்களைத் தேடினால் கண்ணில் பூதக்கண்ணாடி வேண்டும். 1949-ல் வந்த புகழ்பெற்ற 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு பத்திரிகை நிருபராக வருவார். கண் சிமிட்டினால் போய்விடும். முப்பது வயதிலேயே நடுத்தர வயது ஆள் மாதிரி இருந்ததால் குமாஸ்தா, கடைக்காரர், அதிகாரி என்று துண்டு வேஷங்கள்தான். ஆள் யார் என்று ஜனங்களுக்குத் தெரிய ஆரம்பித்தது 1960-ல் 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' வந்த பிறகு. அதில் லெனர்ட் ஸ்விண்ட்லி என்ற துணிக்கடை மேனேஜர். அங்கேயும் மேனேஜர்தான்!

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு மாக் இன்டர்வியூ நடந்தது. நடத்த வந்தவர் எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேனேஜர் ஆகணும்னா முதல்ல மேனேஜர் மாதிரி தெரியணும்பா" என்றார். பார்வை வந்து நின்றது என் மேலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் மேலும். நண்பன் ஐந்தடி இரண்டு அங்குலம். நான் அவனை விட ஒரு அங்குலம் கூடுதல். அந்த வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். டாட்ஸ் ஆர்மியை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஏனென்றால் அந்த சீரியல் முழுக்க ஓடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். சார்ஜென்ட் வில்சனைப் பாருங்கள். உயரம், அழகான தலைமுடி, மேல்தட்டுப் பேச்சு, பெரிய இடத்துப் பள்ளிக்கூடம். புதிதாக யார் வந்தாலும் இவர்தான் அதிகாரி என்று நினைப்பார்கள். ஆனால் அதிகாரம் இருப்பது குள்ளமான, கிராமர் ஸ்கூலில் படித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்த மேனரிங் கையில். வில்சனுக்கு எதுவும் கேட்காமலே கிடைக்கிறது. மேனரிங்குக்குக் கேட்டும் கிடைப்பதில்லை. ஒரு எபிசோடில் உறவினர் ஒருவர் இறந்ததால் வில்சன் பெயருக்கு முன்னால் 'ஹானரபிள்' பட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது. மேனரிங் வருஷக்கணக்காக நுழையப் பார்த்த கோல்ஃப் கிளப் வில்சனைக் கூப்பிட்டு உறுப்பினர் ஆக்குகிறது. சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், ஆனால் லோவின் முகத்தை க்ளோசப்பில் காட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வில்சனாக நடித்த ஜான் லெ மெஷூரியர் நிஜ வாழ்க்கையில் போரின்போது ராணுவத்தில் கேப்டன். பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் வேலை பார்த்தவர். ஆர்தர் லோ சார்ஜென்ட் மேஜர். அதாவது நிஜத்தில் யார் யாருக்கு சல்யூட் அடித்திருக்க வேண்டுமோ, அதைத் திரையில் தலைகீழாக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் மேனரிங் வேஷத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர் லோ இல்லை. தார்லி வால்டர்ஸ் என்ற நடிகர் வேண்டாம் என்ற பிறகுதான் இவரிடம் வந்தது. 1968 ஜூலை 31 அன்று முதல் எபிசோட் ஒளிபரப்பானபோது லோவுக்கு வயது 52.

அவர் காமெடி செய்யும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காமெடியே செய்ய மாட்டார். தான் ஒரு காமெடியன் என்பது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. 1973-ல் வந்த 'தி டெட்லி அட்டாச்மென்ட்' எபிசோட். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன், தன்னை அவமதிப்பவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறான், ஜெயித்த பிறகு கணக்குத் தீர்ப்பதற்காக. சின்னப் பையன் பைக் ஹிட்லரைக் கேலி செய்து பாடுகிறான். உன் பெயர் என்ன என்று ஜெர்மன்காரன் கேட்கிறான். பையனைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பதைப்பில் மேனரிங், அவனிடம் சொல்லாதே என்று கத்துகிறார், பையனின் பெயரையும் சேர்த்துச் சொல்லி! எழுதினால் ஒரு சின்ன ஜோக். லோ அதைச் சொல்லும் வேகத்தையும் அக்கறையையும் பார்த்தால்தான் பிரிட்டனில் ஏன் இன்றும் இந்தக் காட்சியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று புரியும். அவர் சிரிப்புக்காக அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தப் பையனைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

அதே எபிசோடில் வெடிகுண்டை ஒருவரின் பேன்ட்டுக்குள் போடும் காட்சி உண்டு. அது முதலில் மேனரிங்குக்காக எழுதப்பட்டது. லோ முடியாது என்றுவிட்டார். கடைசியில் கசாப்புக்கடை ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன் தலையில், அதாவது பேன்ட்டில், விழுந்தது. கூட வேலை பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால் லோவுக்கும் மேனரிங்குக்கும் வித்தியாசம் குறைவுதான் போலிருக்கிறது. ஸ்கிரிப்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க மாட்டாராம். ஒன்று படிப்பதற்கு, இன்னொன்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதற்கு என்று கிராஃப்ட் இரண்டு பிரதி அனுப்பியதாக ஒரு கதை. தன் நாடகங்களில் மனைவிக்கும் வேஷம் வேண்டும் என்று பிடிவாதம் வேறு. ஜோன் கூப்பர் டாட்ஸ் ஆர்மியிலும் சில எபிசோடுகளில் வருகிறார். பழகுவதற்கு ரொம்ப எளிதான மனிதர் என்று சொல்ல முடியாது.

ஆனால் 1970-ல் வந்த 'மம்ஸ் ஆர்மி'யைப் பார்த்த பிறகு எனக்கு அவர் மேல் வேறு மதிப்பு. மேனரிங்கின் மனைவி எலிசபெத் 80 எபிசோடிலும் நம் கண்ணில் படுவதே இல்லை. ஒரே ஒரு முறை, இரண்டடுக்குக் கட்டிலின் மேல் படுக்கை பெரிதாகத் தொங்குவதைக் காட்டுவார்கள், கீழே மேனரிங் படுத்திருப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதருக்கு மிஸஸ் கிரே என்ற பெண்மணியோடு ஒரு நட்பு வருகிறது. டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஊர் பேச ஆரம்பிக்கிறது. அவர் லண்டனுக்குக் கிளம்பிவிடுகிறார். மானம், அந்தஸ்து, பேங்கின் பெயர் என்று வாழ்க்கை முழுக்க விறைப்பாக நின்ற மேனரிங், ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடி வந்து போகாதீர்கள் என்று கெஞ்சுகிறார். ரயில் கிளம்பிவிடுகிறது. அந்தக் காட்சியில் ஜோக் என்று பெரிதாக எதுவும் இல்லை. அரை மணி நேர காமெடி சீரியலில் இதை வைக்க எழுத்தாளருக்கு தைரியம் வேண்டும், நடிகர் மேல் நம்பிக்கையும் வேண்டும்.

1975 கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் இரட்டை வேஷம். மேனரிங்கும் அவருடைய குடிகார அண்ணன் பாரியும் லோவேதான். இத்தனை நாள் தம்பி பீற்றிக்கொண்ட குடும்பப் பெருமையெல்லாம் அண்ணன் வாய் திறந்ததும் கிழிகிறது.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சனுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். 'இஃப்', 'ஓ லக்கி மேன்' இரண்டிலும் இருக்கிறார். இரண்டாவது படத்துக்கு சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா கிடைத்தது. அதில் மூன்று வேஷம். ஒன்று முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆப்பிரிக்க ஆட்சியாளராக. அந்தக் காலத்தில் அதற்கும் சேர்த்துத்தான் விருது கொடுத்தார்கள், எனக்குப் பார்க்க நெளிவாக இருந்தது. குழந்தைகளுக்கான 'மிஸ்டர் மென்' கார்ட்டூனுக்குக் குரல் இவருடையதுதான். கப்பல் ஆசை விடவில்லை போல. டாட்ஸ் ஆர்மி தொடங்கிய அதே 1968-ல் 'அமேசான்' என்ற 1885-ம் வருஷத்து நீராவிப் படகை வாங்கி, பழுது பார்த்து, மறுபடி கடலில் ஓட விட்டார்.

1982 ஏப்ரலில் பர்மிங்காமில் அலெக்ஸாண்ட்ரா தியேட்டரில் 'ஹோம் அட் செவன்' நாடகம். லோவின் வேஷம் என்ன தெரியுமா? ஒரு பேங்க் ஊழியர். மதியம் டிவியில் நேரலைப் பேட்டி கொடுத்தார். மாலை நாடகம் தொடங்குவதற்கு முன் மேக்கப் அறையில் பக்கவாதம் வந்து விழுந்தார். 15-ம் தேதி விடியும் முன் இறந்துபோனார். வயது 66. அதே நாடகத்தில் ஜோனும் நடித்துக்கொண்டிருந்தார். இறுதிச் சடங்கு நடந்த நாளில் பெல்ஃபாஸ்டில் நாடகம் இருந்தது. காட்சியை விட முடியாது என்று அவர் அங்கேயே இருந்துவிட்டார். முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என்ன மனுஷி இவர் என்று. ரெபர்ட்டரியில் 34 வருஷம் முன்னால் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேர் என்று யோசித்த பிறகு கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

பார்க்க நினைப்பவர்கள் முதல் சீசனிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கறுப்பு வெள்ளை, கொஞ்சம் இழுக்கும், இரண்டாம் சீசனில் மூன்று எபிசோடுகள் டேப் அழிக்கப்பட்டுக் காணாமலே போய்விட்டன. 'தி டெட்லி அட்டாச்மென்ட்' முதலில். பிடித்திருந்தால் 'மம்ஸ் ஆர்மி'. ஐந்தடி இரண்டு அங்குல நண்பனுக்கும் இதே வரிசையில்தான் போட்டுக் காட்டினேன். ஸ்டேஷன் காட்சி முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்து, அடுத்தது போடுடா என்றான்.