‘இந்த வயசுல பிரஷரா?’

ஆலங்குடியோ பொன்னமராவதியோ, காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், பிரஷர் பார்க்கும் கருவியோடு வாசலில் வந்து நிற்பார். அப்பத்தா கையை நீட்டுவார். அம்மாவும் நீட்டுவார். 32 வயது மகன் மட்டும் பைக்கை ஸ்டார்ட் செய்தபடியே, ‘எனக்கெதுக்குக்கா... இந்த வயசுல பிரஷரா?’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பக்கவாதம் தாத்தாக்களுக்கு வருவது என்ற நினைப்பு நமக்கு அவ்வளவு ஆழமாக இருக்கிறது. 50 வயதுக்கு முன்பே வருவதை மருத்துவர்கள் இளவயது பக்கவாதம் என்கிறார்கள். பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொள்வதுதான் காரணம். 32 நாடுகளில் நடந்து, 2016-ல் வெளியான ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு, பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவிகிதத்துக்கு 10 காரணங்களே பொறுப்பு என்றது. அதில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. அது வலிக்காது, காட்டிக்கொடுக்காது. கூடவே சிகரெட், வாயில் அடக்கும் போதைப்பாக்கு, மது, சர்க்கரை, கொழுப்பு, தொப்பை எல்லாம் கைகோத்துக்கொள்ளும்.

இளையவர்களுக்கென்றே சில தனிக் காரணங்களும் உண்டு. சலூனில் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதில் எப்போதாவது கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து கட்டி உருவாகலாம். அரிதுதான். ஆனாலும் அந்த ஒரு ‘டக்’ சத்தத்துக்காக ஏன் கழுத்தைக் கொடுக்க வேண்டும்? சிறுவயதில் சரியாகக் கவனிக்காத தொண்டைப் புண், வாதக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்திருந்தால், அங்கிருந்தும் கட்டி மூளைக்குப் போகும். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கோயில் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட, மருந்துக் கடையில் நேரே கேட்டு வாங்கும் ஹார்மோன் மாத்திரையும் சிலருக்கு ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டலாம்.

இளைஞருக்கு வந்துவிட்டால், சுற்றி இருப்பவர்களே நம்புவதில்லை. நாக்கு குழறினால் ‘குடிச்சிருக்கான்’. தலை சுற்றித் தள்ளாடினால் ‘பித்தம், சோடா குடுங்க’. கை மரத்துப்போனால் ‘தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்’. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டால் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. அது பெரிய தாக்குதலுக்கு முன்னோட்டமாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

வாய் கோணுகிறதா, தூக்கிய கை தொய்கிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். சோடா, தண்ணீர், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்பா, வெடிப்பா என்பது சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து புதுக்கோட்டை வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால், புறப்படும் முன்பே ஸ்கேனும் இந்த ஊசியும் எங்கே இருக்கின்றன என்று 108 ஊழியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, ‘கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?’ என்பதைத்தான். ஊசி போடலாமா என்பதை அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்வார்கள். அதனால், அந்த நேரம் தெரிந்தவர் ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொள்ளட்டும்.