முதல் நிரல்மொழி எது?

"பிள்ளைக்கு முதலில் எந்த நிரல்மொழியைக் கற்பிக்கலாம், ஆசிரியரே?" எனப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். வேலைச் சந்தையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டா. பிள்ளையின் வயதைப் பாருங்கள் என்பதே என் விடை.

தொடக்கப்பள்ளி மாணவருக்கு, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் ஏற்றது. கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் திரையில் பூனை நகரும், எழுத்துப்பிழைக்கு இடமில்லை. ஆறாம் ஆண்டை எட்டியவர், 1991இல் வெளிவந்த பைத்தானைத் தொடங்கலாம். அங்கே ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் ஓடாது. பொறுமையும் கூடவே பழகும்.

நம் பிள்ளைகள் சிலர் ஆங்கிலக் கட்டளைகளைக் கண்டதும் 'கணினி நமக்கு வராது' என ஒதுங்குகின்றனர். குறை அறிவில் இல்லை. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் 'எழில்' மொழியில் 'பதிப்பி' எனக் கட்டளையிட்டுத் தம் பெயரைத் திரையில் காணட்டும், அச்சம் குறையும். நிபந்தனையும் சுழற்சியும் புரிந்துவிட்டால், பிறகு எம்மொழிக்கும் மாறலாம்.

பெற்றோரே, இவ்விடுமுறையில் பிள்ளையுடன் அமர்ந்து நீங்களும் தொடங்குங்கள்.