ரிக் வண்டி எப்போது கிளம்பும்?

எங்க மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கத்துப் பையன்கள் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போகிறார்கள். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் ரிக் வண்டி ஒன்று. பைப்பும் டீசலும் சமையல் சாமானும் ஏற்றிய லாரி ஒன்று. ஓர் ஊரில் எத்தனை நாள் நிற்பது என்பதுதான் பெரிய கணக்கு. வேலை பிடித்துத் தரும் ஏஜெண்ட் கையில் பாயிண்ட், அதாவது போர் போட வேண்டிய இடம், இருக்கும்வரை நிற்கலாம். சும்மா நின்றால் சாப்பாட்டுச் செலவும் வண்டித் தவணையும் ஏறும். அவசரப்பட்டுக் கிளம்பினால் டீசல் கரையும்.

கிளம்புவதற்குப் பருவமும் ஒரு கணக்கு. கரீபியன் கடலில் பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள், ஜூன் முதல் நவம்பர் வரை புயலுக்குப் பயந்து தெற்கே ஒதுங்குவார்கள். நம் ஆட்களை அப்படி ஒதுங்க வைப்பது மழைக்காலம். ஈரக் காட்டுக்குள் வண்டி இறங்காது. அப்போதுதான் பலரும் வீட்டுப் பக்கம் வருகிறார்கள்.

கிளம்புகிற நாளை முதலாளியும் ஏஜெண்டும் மட்டும் முடிவு செய்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ரிக் வைத்திருக்கும் அண்ணன்மாரே, வெயிலில் பைப் மாட்டும் தம்பியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.